உலகத் தேர்தல்களையும் போர்களையும் பின்தொடர்வது எப்படி? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமகிருஷ்ணபுரமோ மயூர் விஹாரோ துவாரகாவோ, டெல்லியில் ஒரு தமிழ் வீட்டுக்குள் உலகச் செய்தி நாலு வழியாக வந்து சேருகிறது. ஊர்ப்பக்கத்துத் தமிழ்ச் சேனல், பக்கத்து வீட்டில் அலறும் இந்தி விவாதம், போனில் வந்து விழும் ஆங்கிலத் தலைப்புகள், குடும்ப வாட்ஸ்அப் குழு. நாலும் நாலு விதமாகச் சொல்லும். யார் ஜெயித்தார், யார் யாரை அடித்தார் என்பது தெரிந்துவிடுகிறது, ஏன், எப்படி, இனி என்ன என்பது மட்டும் பிடிபடுவதில்லை.

செய்தி வெடித்த பிறகு ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்தாலும் கிடைக்காத தெளிவு, அது வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் செலவழித்தால் கிடைத்துவிடும். தேர்தல் என்றால் வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்ற விதி, போர் என்றால் வரைபடமும் தேதிகளும். மீதியெல்லாம் அதன் மேல் கட்டுவதுதான். ஓல்ட் ராஜேந்திர நகரில் அறை எடுத்து யுபிஎஸ்சிக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இது பயன்படும், ஆனால் பரீட்சையை மனதில் வைத்து எழுதியதல்ல.

படி 1: நாலைந்து நாடுகளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா நாட்டையும் யாராலும் பின்தொடர முடியாது, முயன்றால் ஒரே மாதத்தில் சலித்துப்போய் மொத்தமாக விட்டுவிடுவீர்கள். நாலைந்து போதும். அங்கே நடப்பது எந்த வழியாக நம் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டுப் பார்த்தால் பட்டியல் தானாக வந்துவிடும்.

இலங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மொழியும் சொந்தமும் மீனவர் பிரச்சினையும் இருக்கிறது. அமெரிக்கா என்றால் எச்1பி விசாவில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமல்ல. இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டு மொத்தத்தை 50 சதவீதமாக்கியபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. உக்ரைனில் நடக்கும் போர், வாஷிங்டனில் எடுத்த முடிவு, திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சம்பளம், மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. போருக்கு முன் நம் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்துதான் வந்தது, 2022ல் மளிகைக் கடையில் விலை ஏறியது ஏன் என்று அப்போதே பலருக்குப் புரிந்திருக்கும். வளைகுடாவை விடவே முடியாது. 2024ல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் ஜலசந்தி வழியாகப் போனது, நாம் இறக்குமதி செய்த சமையல் எரிவாயுவில் பெரும்பகுதியும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஐந்தாவதாக, நம் வீட்டுக்கு எந்த வழியாகவும் வராத ஒன்றை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது சூடான். 2023 ஏப்ரல் 15 அன்று புர்ஹான் தலைமையிலான ராணுவத்துக்கும் ஹெமெட்டியின் துணை ராணுவப் படைக்கும் இடையே தொடங்கிய சண்டையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே சிக்கிய இந்தியர்களை அழைத்துவர நம் அரசு நடத்திய நடவடிக்கைக்குக் காவேரி என்று பெயர். அந்த ஒரு வாரம் நம் சேனல்கள் சூடானைக் காட்டின, நம் ஆட்கள் திரும்பியதும் கேமராவும் திரும்பிவிட்டது. நமக்கு லாப நஷ்டம் இல்லாத ஒரு இடத்தைக் கவனமாகப் படிக்கும்போதுதான் மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கப் பழகுகிறோம், அதனால் இதை விடாதீர்கள்.

படி 2: தேர்தலுக்கு முன் எண்ணும் விதியைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். யார் நிற்கிறார்கள், யார் நன்றாகப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் பிறகு. வாக்கு எப்படி இடமாக மாறுகிறது என்பதுதான் முதலில்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுகவுக்கு 20.46 சதவீத வாக்கு கிடைத்தது, ஒரு இடம்கூட இல்லை. 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கு. அதே தேர்தலில் நாடு முழுக்க பாஜகவின் வாக்கு 2019ல் இருந்த 37.36 சதவீதத்திலிருந்து 36.56 ஆனது. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, இடங்களோ 303லிருந்து 240. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையில் எவ்வளவு வாக்கு என்பதைவிட எங்கே அந்த வாக்கு என்பதுதான் முக்கியம்.

இது பிடிபட்டால் பிரிட்டன் புரிந்துவிடும், விதி ஒன்றேதான். 2024 ஜூலை 4 அன்று தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கு வாங்கி 650ல் 411 இடங்களைப் பிடித்தது. ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கியது, கிடைத்தது 5 இடம். அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72 இடம். தொழிற்கட்சி அலை என்று மட்டும் படித்தவர்களுக்கு, பிறகு அந்த அரசின் செல்வாக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் சரிந்தது என்பது புதிராக இருந்திருக்கும். மூன்றில் ஒருவர் மட்டுமே வாக்களித்த அரசு அது என்று முதல் நாளே குறித்து வைத்தவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்கா வேறு கதை. அங்கே ஜனாதிபதியை மாநிலவாரியாகக் கணக்கிடும் 538 தேர்வாளர் வாக்குகள்தான் முடிவு செய்கின்றன, 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தமும் அவருக்கே. அதனால்தான் 2016ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் வாக்கு அதிகம் வாங்கியும் டிரம்ப் ஜனாதிபதியானார். 2000ல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்தார், அந்த ஒரு மாநிலமே தேர்தலைத் தீர்மானித்தது. ஆகவே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்குத் தேசியக் கருத்துக்கணிப்பை விட்டுவிட்டு, இழுபறி மாநிலங்களின் பெயர்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024ல் அவை ஏழு: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. ஏழையும் டிரம்ப் வென்றார், 312க்கு 226 என்று முடிந்தது.

இலங்கையை நாம் இன்னும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஆனால் தமிழ்நாட்டு அரசியலின் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் வாங்கியது 42.31 சதவீதம். 2019ல் அவர் வாங்கியது 3 சதவீதத்தை ஒட்டித்தான். இரண்டு மாதத்துக்குள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225ல் 159 இடங்களை எடுத்தது, யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 உட்பட. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி முன்னால் நின்றது. வடக்கும் கிழக்கும் ஒரே மாதிரி வாக்களிக்கும் என்று நினைப்பவர்கள் இந்த மாவட்டவாரி முடிவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிரான்ஸில் இரண்டு சுற்று. 2024 ஜூன் 30 அன்று முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு முன்னணியில் நின்ற மரீன் லெ பென்னின் கட்சி, ஒரு வாரம் கழித்து இடக்கணக்கில் மூன்றாவதாக வந்தது. நடுவில் என்ன நடந்தது? அவரை எதிர்த்த 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், வாக்கு சிதறக் கூடாதென்று தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். ஜெர்மனியில் 5 சதவீதத் தடை: 2025 பிப்ரவரி 23 தேர்தலில் ஸாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்று நாடாளுமன்றத்துக்கு வெளியே போனது.

விதியில் இன்னொரு பகுதி உண்டு, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. யாரை நிற்க விட்டார்கள்? ஈரானில் 2024ல் ஜனாதிபதி பதவிக்கு 80 பேர் பெயர் கொடுத்தார்கள், காவலர் மன்றம் அனுமதித்தது 6 பேரை. பாகிஸ்தானில் 2024 பிப்ரவரி 8 தேர்தலின்போது இம்ரான் கான் சிறையில் இருந்தார், அவர் கட்சியிடமிருந்து பேட் சின்னமும் போயிருந்தது, ஆட்கள் சுயேச்சைகளாக நின்று அப்படியும் மற்றவர்களைவிட அதிக இடம் பிடித்தார்கள். ஆட்சி அமைத்தது ஷெபாஸ் ஷெரிஃப். இப்படிப்பட்ட இடங்களில் வாக்கு சதவீதத்தை மட்டும் வைத்து மக்கள் மனசு இதுதான் என்று எழுதுவது நியாயமில்லை.

படி 3: முடிவு வரும் இரவுக்குத் தயாராகுங்கள்

முதலில் நேரம். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது நிம்மதியாகத் தூங்கலாம் என்பதைக் கணக்குப் போட்டு வைத்தால் பாதிப் பதற்றம் குறையும். நவம்பரில் அமெரிக்காவில் முதல் வாக்குச்சாவடிகள் மூடும்போது நமக்கு அதிகாலை 4.30. பென்சில்வேனியா மூடுவது காலை 6.30க்கு. கலிபோர்னியா 9.30க்கு, அதாவது நீங்கள் மெட்ரோவில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது. பிரிட்டனில் கோடைக்காலத் தேர்தல் என்றால் எக்ஸிட் போல் வருவது நம் நேரம் நள்ளிரவு தாண்டி 2.30. பிரான்ஸ் இரவு 11.30, அது வசதி.

அடுத்து, முடிவை அறிவிப்பது யார்? இங்கே தேர்தல் ஆணையம் இருக்கிறது, அதன் இணையதளத்தில் தொகுதிவாரியாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு மத்திய அமைப்பு கிடையாது. அங்கே கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு, அது பிரச்சாரப் பணத்தைக் கண்காணிப்பது, வாக்கு எண்ணுவதல்ல. எண்ணுவது மாநிலங்களும், நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டிகளும். இன்னார் ஜெயித்தார் என்று இரவில் நாம் கேட்பது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் கணக்கு, அவர்கள் அதில் மிகக் கவனமாக இருப்பவர்கள்.

எண்ணும் வரிசை ரொம்ப முக்கியம். 2020ல் பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் நேரில் போட்ட வாக்குகள் முதலில் வந்தன, டிரம்ப் முன்னால் தெரிந்தார், தபால் வாக்குகள் சேரச் சேர பைடன் ஏறினார். தேர்தல் நடந்தது செவ்வாய், முடிவு தெரிந்தது சனி. ராத்திரியோடு ராத்திரியாக வாக்கு மாறிவிட்டது என்ற பொய்க்கு இந்த ஒரு நடைமுறைதான் தீனி போட்டது. எந்த வாக்கு எப்போது எண்ணப்படும் என்று முன்பே தெரிந்திருந்தவர்கள் அந்தப் பொய்யில் விழவில்லை.

எக்ஸிட் போலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 ஜூன் 1 மாலை பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350ஐத் தாண்டிக் கொடுத்தன, ஜூன் 4 அன்று வந்தது 293. ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், பிரிட்டனின் எக்ஸிட் போல் பல தேர்தல்களில் முடிவுக்கு மிக அருகில் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் பழைய கணிப்பையும் பழைய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

முடிவோடு வேலையும் முடிவதில்லை. ஜெர்மனியில் 2025 பிப்ரவரியில் ஜெயித்த மெர்ஸ், மே 6 அன்று நாடாளுமன்றத்தில் முதல் வாக்கெடுப்பில் தோற்று இரண்டாவதில்தான் சான்சலர் ஆனார். இஸ்ரேலில் 120 இடத்தில் எந்தக் கட்சியும் இதுவரை தனியாக 61 பிடித்ததில்லை, 2019க்கும் 2022க்கும் நடுவில் ஐந்து தேர்தல் நடந்தது. முடிவு வந்த நாளிலிருந்து பதவியேற்கும் நாள் வரை உங்கள் குறிப்பேடு திறந்தே இருக்கட்டும்.

படி 4: போரென்றால் முதலில் வரைபடம், பிறகு தேதிகள்

சண்டைச் செய்தியைக் கேட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை வரைபடத்தைத் திறப்பது. எந்த நதி, எந்த மலை, எந்தத் துறைமுகம், பக்கத்தில் யார். செங்கடலின் வாயில் பாப் எல் மண்டெப் எவ்வளவு குறுகல் என்று ஒருமுறை பார்த்தவருக்கு, ஏமனின் ஹூதிகள் 2023 நவம்பரிலிருந்து கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஏன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு தேதிகள். இங்கேதான் நேர்மை தேவைப்படுகிறது. எந்தப் போருக்கும் இரண்டு தரப்பும் இரண்டு தொடக்கம் சொல்லும், தொடக்கத் தேதியை யார் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் பாதி வழக்கை ஜெயித்துவிடுகிறார். உக்ரைன் போர் 2022 பிப்ரவரி 24ல் தொடங்கியதா, கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட 2014லா? காஸாவைப் பற்றி ஒருவர் 2023 அக்டோபர் 7ல் ஆரம்பிப்பார், அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்னொருவர் இஸ்ரேல் உருவான 1948ல், காஸாவையும் மேற்குக் கரையையும் அது பிடித்த 1967ல், அல்லது ஹமாஸ் காஸாவைக் கைப்பற்றி முற்றுகை இறுகிய 2007ல் ஆரம்பிப்பார். ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ஒரு தரப்பு சொல்லும் தேதிகள், வலது பக்கம் மற்றத் தரப்பு சொல்லும் தேதிகள் என்று எழுதுங்கள். இரண்டிலும் வரும் தேதிகள் எவை, ஒன்றில் மட்டும் வருபவை எவை என்று பாருங்கள். இதைச் செய்வதால் நீங்கள் யார் பக்கமும் நிற்கக் கூடாது என்று அர்த்தமில்லை. நான் காஸாவில் பட்டினி கிடந்த குழந்தைகள் பக்கம் நிற்கிறேன், பணயக்கைதிகளாக இருந்தவர்களின் குடும்பங்கள் பக்கமும் நிற்கிறேன், அதற்காக எந்த அரசின் அறிக்கையையும் அப்படியே விழுங்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 5: முதல் இரண்டு நாள் பொறுங்கள்

தாக்குதல் நடந்த முதல் சில மணி நேரத்தில் வருவதில் பெரும்பகுதி ஒரு தரப்பின் கூற்று, அல்லது யாரோ கேட்டது. 2023 அக்டோபர் 17 அன்று காஸாவில் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு. இஸ்ரேலின் குண்டுவீச்சு, 500 பேர் சாவு என்று காஸா சுகாதாரத் துறையை மேற்கோள் காட்டி உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. இஸ்ரேல் அதை மறுத்து, காஸாவின் இன்னொரு ஆயுதக் குழுவான இஸ்லாமிக் ஜிஹாத் ஏவிய ராக்கெட் வழிதவறி விழுந்தது என்றது. பிறகு அந்தத் துறையே 471 என்றது, அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 வரை என்றது, பெரிய பத்திரிகைகள் தங்கள் முதல் தலைப்பைத் திருத்தி விளக்கம் எழுத வேண்டி வந்தது. மக்கள் செத்தது உண்மை. யார், எத்தனை என்பதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், 2025 மே மாதத்தை நாமே பார்த்தோம். பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்டார்கள், மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர், மே 10 சண்டை நிறுத்தம். நடுவில் ஒரு ராத்திரி, கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சில சேனல்கள் சொன்னன, வீட்டில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள், காலையில் துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. எல்லையில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் டெல்லிக் கன்டோன்மென்ட்டிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் எத்தனையோ உண்டு, அவர்களை அந்த ராத்திரி என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஆகவே எந்தச் செய்தியிலும் மூன்றைத் தேடுங்கள்: சொன்னது யார், அவர் அங்கே இருந்தாரா, சொன்னதால் அவருக்கு என்ன லாபம். ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், ஏஎஃப்பி என்ற செய்தி நிறுவனங்கள் மூன்றும் ஒரே தகவலைத் தனித்தனியாக உறுதி செய்திருந்தால் அதற்கு எடை உண்டு. மூன்று சேனல்கள் ஒரே ராய்ட்டர்ஸ் செய்தியைத் திருப்பிச் சொன்னால் அது ஒரு சாட்சிதான், மூன்றல்ல.

வீடியோ வந்தால் உடனே அனுப்பாதீர்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய வீடியோவாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கடைப் பலகையின் எழுத்து, வண்டி நம்பர் பிளேட், நிழல் விழும் பக்கம், வானிலை, எல்லாம் சாட்சி சொல்லும். ராத்திரி வானத்தில் வரிசையாகக் குண்டு பாய்கிற, சத்தம் சுத்தமாக, கேமரா ஆடாமல் இருக்கிற வீடியோ என்றால் ஆர்மா 3 என்ற வீடியோ கேமாக இருக்கலாம். அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022ல், எங்கள் கேமின் காட்சிகளைப் போர்க் காட்சிகளாகப் பரப்புகிறார்கள் என்று அறிக்கை விட்டது. இதே முறைகளைப் பொறுமையாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எம்எச்17 சாட்சி. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் 298 பேர் இறந்தார்கள். சாலையோரத்தில் பொதுமக்கள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக இடம் கண்டுபிடித்து, ஏவுகணை வண்டி வந்த வழியை பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழு காட்டியது. டச்சு நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2022 நவம்பரில்.

சாவு எண்ணிக்கை பற்றி ஒன்று. யார் எண்ணினார்கள், போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்தார்களா, இடிபாட்டுக்குள் இருப்பவர்கள் சேர்ந்தார்களா என்று பாருங்கள். காஸா சுகாதாரத் துறை பிரித்துச் சொல்வதில்லை. ரஷ்யாவும் உக்ரைனும் தங்கள் இழப்பைக் குறைத்தும் எதிரியின் இழப்பைக் கூட்டியும் சொல்வார்கள். சூடானில் எண்ண ஆளே இல்லை, எல் ஃபாஷர் நகரம் 2025 அக்டோபரில் விழுந்தபோது வெளியே வந்ததில் செயற்கைக்கோள் படங்களும் தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களும்தான் அதிகம்.

படி 6: ஐநாவும் நீதிமன்றங்களும் எதைச் செய்ய முடியும்

ஐநா கண்டித்தது என்ற தலைப்பைப் பார்த்ததும், ஐநாவில் யார் என்று கேளுங்கள். பாதுகாப்பு கவுன்சிலில் 15 உறுப்பினர்கள், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும் வீட்டோ, அதாவது ஒருவர் எதிர்த்தாலே தீர்மானத்தைத் தடுத்துவிடும் அதிகாரம். பொதுச்சபையில் எல்லா நாட்டுக்கும் ஒரு வாக்கு, வீட்டோ இல்லை, ஆனால் அதன் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. 2022 மார்ச் 2 அன்று உக்ரைனிலிருந்து ரஷ்யா வெளியேற வேண்டும் என்று பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன, 5 எதிர்ப்பு, 35 விலகல், அதில் இந்தியாவும் ஒன்று. ரஷ்யா வெளியேறவில்லை.

இந்தியா எப்படி வாக்களித்தது என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகப் பாருங்கள். காஸா பற்றிய பொதுச்சபைத் தீர்மானத்தில் 2023 அக்டோபரில் விலகியது, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மறுபடி விலகியது, செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கான பிரகடனத்தை ஆதரித்தது. நாம் எப்போதும் இந்தப் பக்கம்தான் என்று யாராவது சொன்னால் இந்த நாலு வாக்கையும் எடுத்துக் காட்டலாம். தீர்மானத்தின் வாசகத்தையும், வாக்களித்த பிறகு நம் பிரதிநிதி தரும் விளக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஏன் மாறியது என்பது ஓரளவு தெரியும், இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன.

தி ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன, தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கைக் கேட்பது, இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா போட்ட வழக்கு அங்கே. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிப்பது, 2023 மார்ச்சில் புதினுக்கும் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் கைது வாரண்ட் பிறப்பித்தது அதுதான். அதற்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது, உறுப்பு நாடுகள்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். இந்தியா உறுப்பினர் இல்லை, ஆகவே 2025 டிசம்பரில் புதின் டெல்லிக்கு வந்தபோது நமக்கு அந்தக் கடமை இல்லை. மங்கோலியா உறுப்பினர், 2024 செப்டம்பரில் அவர் அங்கே போய்விட்டுத் திரும்பினார்.

போர்நிறுத்தம் என்றால் போர் முடிந்தது என்று எழுதாதீர்கள். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று சண்டை நின்றது, சமாதான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

படி 7: டெல்லியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்

மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. மண்டி ஹவுஸ் மெட்ரோ பக்கத்தில் சப்ரு ஹவுஸில் உலக விவகாரங்களுக்கான இந்திய கவுன்சில் இருக்கிறது, வெளிநாட்டு அமைச்சர்களும் முன்னாள் தூதர்களும் பேசும் கூட்டங்கள் நடக்கும். ஒரு ஓய்வுபெற்ற தூதர் ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசுவதைக் கேட்டால், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதத்தைப் பார்க்கப் பிறகு மனசே வராது. வெளியுறவுத் துறையின் வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பு யூடியூபில் முழுசாகவே கிடைக்கிறது, கேள்விக்குப் பதில் சொன்னாரா நழுவினாரா என்பதை நீங்களே பார்க்கலாம். சாணக்கியபுரியில் இருக்கும் தூதரகங்களின் அறிக்கைகளையும் படியுங்கள், அவை அந்தந்த அரசின் வக்காலத்து என்பதை மறக்காமல். ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து ஒரே நாளின் தமிழ்ப் பத்திரிகையையும் ஆங்கிலப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதும் நல்ல பயிற்சி. இந்தி தெரிந்தவர்கள் மூன்றாவதாக அதையும் சேர்க்கலாம், ஒரே சம்பவம் மூன்று மொழியில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதே நிறையச் சொல்லும்.

வீட்டுக் குழுவில் பெரியப்பாவோ அத்தையோ தவறான வீடியோ போட்டால் எல்லார் முன்னாலும் பொய் என்று எழுதாதீர்கள். தனியாகப் போன் போட்டு, பெரியப்பா, அந்த வீடியோ பழையது போல இருக்கே, இதோ முதலில் வந்த தேதி என்று அனுப்புங்கள். பெரும்பாலும் அவரே அழித்துவிடுவார். சண்டை போட்டால் அடுத்த முறை உங்களிடம் கேட்காமலே போடுவார்.

நேரத்துக்கும் ஒரு அளவு வையுங்கள். காலையில் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், வாரத்தில் ஒருநாள் நீளமாக ஒரு கட்டுரை. இரவில் சடலங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் யாருக்கும் உதவி இல்லை, உங்கள் தூக்கம்தான் போகும்.

படி 8: ஒரு தேர்தலில் செய்து பாருங்கள்

பழகிப் பார்க்கத் தோதான தேர்தல் 2026 நவம்பர் 3, அமெரிக்க இடைக்காலத் தேர்தல். கீழவையின் 435 இடங்களும், மேலவையின் 100ல் 35ம் தேர்தலைச் சந்திக்கின்றன. ஜனாதிபதி பதவி போட்டியில் இல்லை, தேர்வாளர் வாக்குக் கணக்கும் இல்லை, கீழவைக்குத் தொகுதிவாரி, மேலவைக்கு மாநிலவாரி, அதனால் நம்மூர்க் கணக்கிலிருந்து அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. கீழவையில் பாதிக்கு மேல் என்றால் 218. ஒரு தாளில் அந்த எண்ணை மேலே எழுதி, இழுபறித் தொகுதிகளில் ஒரு பத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தபால் வாக்கை அந்தந்த மாநிலம் எப்போது எண்ணுகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 4 காலை 4.30க்கு அலாரம் வைக்கலாம், வைக்காமல் 8 மணிக்கு எழுந்தாலும் ஒன்றும் குடி முழுகாது, கலிபோர்னியாவில் எண்ணி முடிக்க வாரங்கள் ஆகும். புதிய உறுப்பினர்கள் பதவியேற்பது ஜனவரி 3, அந்தத் தேதியையும் தாளின் அடியில் எழுதி வையுங்கள்.